அப்பாவுக்கு, ஹெல்சிங்கியிலிருந்து

ஹெல்சிங்கி
8 டிசம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டும். அங்கே மழை பிடித்துக்கொண்டது என்று அம்மா சொன்னாள். போன டிசம்பர் வெள்ளத்தை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. கீழே இருக்கிற புத்தகங்களையும் சர்டிபிகேட்டுகளையும் இப்போதே மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் போன வாரம் நான் பேச ஆரம்பிக்கும் முன்னமே நீங்கள் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். எழுதினால் கடைசி வரி வரைக்கும் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இது.

நீங்கள் கோபப்பட்டது இரண்டு காரியத்துக்கு. நான் இங்கே மாணவர் சங்கத் தேர்தலில் நின்றது ஒன்று. தம்பி ஹாஸ்டல் தண்ணீருக்காகப் பையன்களோடு உட்கார்ந்தது இன்னொன்று. "படிக்கப் போன எடத்துல ஒனக்கு எதுக்குட்டி எலெக்‌ஷன்? விசாவ ரத்து பண்ணி அனுப்பிட்டாம்னா பேங்க் லோன யாரு கட்டுவா?" என்று கேட்டீர்கள். அதே மூச்சில், "அவன் மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துட்டு ஒழுங்கா கிளாஸுக்குப் போவட்டும், நான் கையெழுத்துப் போடுதேன்" என்றும் சொன்னீர்கள். எனக்கு இரண்டும் ஒரே காரியமாகத்தான் தெரிகிறது.

முதலில் விசா பயத்தை விடுங்கள். இங்கே பின்லாந்தில், பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை படிக்கிற எல்லாரும் சட்டப்படியே மாணவர் சங்க உறுப்பினர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான். சங்கச் சந்தா கட்டாமல் அட்மிஷனே முடியாது. இந்தச் சங்கம் 1868-இல் தொடங்கியது. இதற்கு 60 பேர் கொண்ட பேரவை உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். கட்சிப் பிள்ளைகள் தனிப் பட்டியலாக நிற்பார்கள், துறைச் சங்கங்கள் தனிப் பட்டியலாக நிற்கும். ஊர்ப்பக்கத்தின் பெயரிலேயே பழைய சங்கங்கள் இருக்கின்றன, அவர்களும் நிற்பார்கள். சென்னையில் படிக்கிற நம் பிள்ளைகள் நெல்லைச் சங்கம் என்று ஒன்று வைத்துத் தேர்தலில் நின்றால் எப்படி இருக்கும், அப்படி. பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவிலேயே பேராசிரியர்களோடு மாணவர்களும் உட்கார வேண்டும் என்று பல்கலைக்கழகச் சட்டம் சொல்கிறது. எந்தக் கட்டடத்தை விற்பது, எந்தத் துறையை எதோடு சேர்ப்பது என்கிற பேச்சில் எங்கள் வயசுப் பிள்ளை ஒருத்தி கை தூக்கி ஓட்டுப் போடுகிறாள்.

நாங்கள் பிரச்சாரத்தில் பேசியது என்ன தெரியுமா அப்பா? மத்தியானச் சாப்பாட்டு விலை, மாணவர் வீட்டு வாடகை, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017 முதல் போட்டிருக்கிற கல்விக் கட்டணம். அந்தக் கட்டணத்துக்குத்தான் நீங்கள் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நான் நேரடியாக ஜெயிக்கவில்லை. மாற்று உறுப்பினராக வந்திருக்கிறேன். எங்கள் பட்டியலில் ஜெயித்தவர் வர முடியாத கூட்டத்துக்கு நான் போய் உட்காரலாம்.

நேற்று முன்தினம், டிசம்பர் 6, இந்த நாட்டின் விடுதலை நாள். 1917-இல் இதே நாளில்தான் இவர்களுடைய நாடாளுமன்றம் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது. அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கு மேல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ், அதற்கும் முன்னால் நெடுங்காலம் சுவீடனின் கீழ். நம் ஆகஸ்ட் 15 மாதிரி காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்துவிடுகிற நாள் இல்லை இது. மாலையில்தான் இவர்களுக்கு முக்கியம். மூன்றேகால் மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். வீட்டு ஜன்னல்களில் இரண்டு இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். போரில் செத்த வீரர்களின் கல்லறைகள் இருக்கிற ஹியேத்தனியேமி என்ற இடத்திலிருந்து செனட் சதுக்கம் வரைக்கும் மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி நடப்பார்கள். 1951 முதல் இந்த வழக்கம். நடத்துவது மாணவர் சங்கங்கள். கட்சி இல்லை, அரசாங்கம் இல்லை. சதுக்கத்தில் நாட்டுக்கு வாழ்த்துச் சொல்லிப் பேசுவதும் ஒரு மாணவர்தான்.

நானும் நடந்தேன். எனக்கு இவர்கள் மொழி பாதிதான் புரியும். ஆனால் ஒரு தேசம் தன் பிறந்த நாளில் வாழ்த்துப் பேச்சைப் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சில வருஷங்களாக அதே மாலையில் என்னைப் போன்றவர்கள் இந்த நாட்டில் இருக்கவே கூடாது என்கிற கூட்டமும் ஊர்வலம் போகிறது. அதை எதிர்த்து இன்னொரு ஊர்வலம், நடுவில் போலீஸ். விடுதலை வந்து இரண்டு மாதம் ஆகும் முன்னமே 1918 ஜனவரியில் இவர்கள் தங்களுக்குள்ளேயே சிவப்பு, வெள்ளை என்று பிரிந்து வெட்டிக்கொண்டார்கள். 36,000 பேருக்கு மேல் செத்தார்கள். இங்கே வயசானவர்கள் அதைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

இப்போது உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ஊர்வலம் முடிகிற அந்தச் சதுக்கத்தின் கிழக்குப் பக்கம் அரசாங்கத் தலைமைக் கட்டடம் இருக்கிறது. பழைய செனட். அதன் மாடிப்படியில் 1904 ஜூன் 16-ஆம் தேதி, ஷௌமன் என்ற 29 வயது அரசு ஊழியர், ரஷ்யக் கவர்னர் ஜெனரல் பொப்ரிகோவைச் சுட்டார். உடனே தன்னையும் சுட்டுக்கொண்டு செத்தார். கவர்னரின் உயிர் மறுநாள் பிரிந்தது, அதாவது ஜூன் 17. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அப்பா. ஏழு வருஷம் கழித்து, 1911-இல், அதே ஜூன் 17-ஆம் தேதிதான் மணியாச்சியில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது. அவரும் அரசு ஊழியர்தான், புனலூரில் வனத்துறை. அவரும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். அவர் பெயரை ரயில் நிலையத்துக்கு வைத்திருக்கிறோம். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. இவர்களும் ஷௌமனுக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு ஜூன் 17-க்கும் நீங்கள் எங்களுக்கு வாஞ்சி கதை சொல்வீர்கள். அந்தத் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் சனாதன தர்மத்தைக் காப்பது பற்றியும் எழுதியிருந்தது என்பதை நீங்கள் சொன்னதே இல்லை. அந்த விடுதலையில் நம் தெருக்காரர்கள் எல்லாருக்கும் இடம் இருந்திருக்குமா என்று எனக்கு இன்று சந்தேகமாக இருக்கிறது.

துப்பாக்கி எடுத்தவரின் பெயர் இரண்டு ஊரிலும் நிலைத்துவிட்டது. கூட்டமாக வந்தவர்களுக்குத்தான் பெயர் இல்லாமல் போயிற்று. 1899-இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இவர்களுடைய உரிமைகளைப் பறித்து ஆணை போட்டபோது, அதை எதிர்த்து ரகசியமாக ஒரு மனு சுற்றியது. இரண்டு வாரத்துக்குள் 5 லட்சத்துக்கு மேல் கையெழுத்து. நாட்டின் மொத்த ஜனத்தொகையே அன்று முப்பது லட்சத்துக்குக் கீழே. பிப்ரவரி, மார்ச் மாதத்துப் பனியில், மாணவர்கள் காலில் சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு பண்ணை வீடு பண்ணை வீடாகப் போய் வாங்கிய கையெழுத்துகளும் அதில் உண்டு. சக்கரவர்த்தி அந்த மனுவைக் கொண்டுபோனவர்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார். ஆனால் அந்தக் கைகள் மறுபடி சேர்ந்தன. 1905-இல் பொது வேலைநிறுத்தம். 1906-இல் ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு, பெண்களுக்குத் தேர்தலில் நிற்கிற உரிமை. அடுத்த வருஷத் தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். உலகத்திலேயே முதல்முறை அது.

நம்மூர்க் கதையும் இதுதானே? 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள். அதுதான் வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் அவர்களைப் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலியே எழுந்தது. கடைகள் அடைத்தன, இந்துக் கல்லூரிப் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் தபாலாபீசும் எரிந்தன, கலெக்டர் விஞ்ச் சுட உத்தரவிட்டார், நான்கு பேர் செத்தார்கள். அப்பா, நீங்கள் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவர். அந்த நான்கு பேரின் பெயர் உங்கள் பாடப்புத்தகத்தில் என்றைக்காவது இருந்ததா? அவர்கள் செத்த இடத்தைக் காட்டி யாராவது நம்மைக் கூட்டிப்போனார்களா? பஸ்ஸில் தெற்கு பஜார் போகும்போதெல்லாம் லூர்துநாதன் சிலையைத் தாண்டுகிறோம். மாணவர் போராட்டத்தில் போலீஸ் தடியடியின்போது ஆற்றில் உயிரை விட்ட பையன் அவர். நம் வீட்டில் அது ஸ்டாப்பிங் பெயராகத்தான் இருந்தது.

நம் வீட்டுக்கு மாணவர் அரசியல் ஏன் கசக்கிறது என்று எனக்குத் தெரியும். தாத்தாவிடமிருந்து வந்தது அது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புக்குத் தாத்தாவும் கருப்புக் கொடியோடு போனவர்தான். ஆனால் அவருக்குக் காமராசர் என்றால் உயிர். 1967-இல் விருதுநகரில் அந்தக் காமராசரை சீனிவாசன் என்ற மாணவர் தலைவர் தோற்கடித்தபோது தாத்தா மனசு விட்டுப்போனது. அதற்குப் பிறகு மாணவர் போராட்டம் என்று யார் பேசினாலும் எழுந்து போய்விடுவார் என்று ஆச்சி சொல்வாள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு தோல்விக்காக மூன்றாவது தலைமுறையும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

உங்கள் பயம் வேறு என்பதும் தெரியும். "நம்ம ஊருல மாணவர் சங்கம்னா அது சாதிச் சங்கமால்லா போவும்" என்று சொல்வீர்கள். அது வெறும் பயம் இல்லை, நிஜம். கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பையன்கள் கூட்டம் சேர்கிறதை நானே பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். 2023-இல் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு பிள்ளையையும் அவன் தங்கச்சியையும் வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்பா. அந்தப் பையன்களுக்குச் சேர்ந்து நிற்க வேறு எந்த இடத்தை நாம் கொடுத்தோம்? 18 வயசில் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம், ஹாஸ்டல் மெஸ் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் பக்கத்துக் கல்லூரிகளில் மாணவர் தேர்தல் என்றாலே ஆகாது. 2006-இல் லிங்டோ குழு தேர்தலை எப்படிக் கட்டுப்பாடாக நடத்தலாம், செலவுக்கு என்ன வரம்பு என்றெல்லாம் எழுதிக் கொடுத்து, உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அது காகிதத்தோடு நிற்கிறது. சேர்ந்து கேட்க ஒரு பொதுவான இடம் இல்லாதபோது பிள்ளைகள் பிறந்த தெருவைத்தான் தேடிப் போவார்கள்.

தம்பி என்ன செய்தான் என்று முழுசாகக் கேட்டீர்களா? நான் கேட்டேன். மேல்மாடி பாத்ரூமுக்குத் தண்ணீர் ஏறவில்லை. வார்டனிடம் வாயால் சொன்னார்கள், பிறகு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் ஆபீஸ் வாசலில் காலி பக்கெட்டுகளோடு உட்கார்ந்தார்கள். கல்லை எடுக்கவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. உட்கார்ந்தவர்களில் எல்லாத் தெருப் பையன்களும் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் போன வருஷம் ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். இதை அவன் என்னிடம் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னான் தெரியுமா? நீங்கள் எந்த ஒற்றுமையைப் பாடமாக நடத்தினீர்களோ, அதைத்தான் அவன் அந்த வாசலில் பார்த்திருக்கிறான். அதற்கு மன்னிப்பு எழுதச் சொல்கிறார்கள்.

அந்தக் கடிதத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். "அனுமதியின்றி வகுப்புக்கு வராததற்கு வருந்துகிறேன்" என்ற வரி இருக்கிறது. அது உண்மைதான், அதை அவன் எழுதட்டும். "இனி எந்தக் கூட்டத்திலும் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டேன்" என்ற வரியும், அதன் கீழே பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடும் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். வ.உ.சி.யை வைத்திருந்த பாளையங்கோட்டைச் சிறையைக் கடந்துதான் அவனைச் சின்னப் பிள்ளையில் சைக்கிளில் ஸ்கூலுக்கு விட்டீர்கள். அந்த வரியில் உங்கள் கையெழுத்தை அவன் பார்த்தால், இத்தனை வருஷம் நீங்கள் சொன்னதையெல்லாம் என்னவென்று எடுத்துக்கொள்வான்?

இப்படிச் செய்யலாமா என்று பாருங்கள். மற்ற பையன்களின் அப்பாமார் நம்பர் அவனிடம் இருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்து பிரின்சிபாலைப் பாருங்கள். வாத்தியார் என்று உங்களுக்கு அங்கே மரியாதை உண்டு. ஹாஸ்டல் ஃபீஸ் ரசீதையும், பையன்கள் முன்னாலேயே எழுதிக் கொடுத்த மனுவின் நகலையும் எடுத்துப்போங்கள். தேதியோடு இருக்கிறது, அவன் பத்திரமாக வைத்திருக்கிறான். தண்ணீர் எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லுங்கள். கோபப்படாமல் பேசுவது உங்களுக்கு நன்றாக வரும்.

செவ்வாய்க்கிழமைதான் கடிதம் கொடுக்கக் கடைசி நாளாம். தபால் வந்து சேர நாளாகும் என்பதால் இதை போட்டோ எடுத்து தம்பி போனுக்கும் அனுப்புகிறேன், அவன் பிரிண்ட் போட்டுத் தருவான். அம்மாவிடம் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், எனக்குக் குளிருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இந்த மாத லோன் வட்டிக்குப் பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து வெள்ளிக்கிழமை பணம் போடுகிறேன். பிரின்சிபாலைப் பார்த்துவிட்டு வந்ததும் போன் செய்யுங்கள், எந்நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்