ஏழாவது மணி நேரத்து மணம்

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய சிறு வாசனைத் திரவியக் குப்பி வந்து சேர்ந்து ஒன்பது நாள்கள் ஆகின்றன. "அம்மா, இந்த மணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் இதைப் பூசிக்கொண்டு நாலு பேர் நடுவில் போனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டிருந்தாய். அன்று இரவே தொலைபேசியில் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லியிருந்தால் தவறாகச் சொல்லியிருப்பேன் என்பதால், பொறுத்திருந்து எழுதுவதே நல்லதாயிற்று.

முதல் நாள் மூடியைத் திறந்தவுடன் என் மூக்கில் ஏறியது கரிநெடி மட்டும்தான். இலையுதிர்காலத்துப் பழங்களின் மணம் இதில் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தும், அது எனக்கு எட்டவே இல்லை. இவ்வளவு கடுமையான ஒன்றை இவன் ஏன் தேடிப் பிடித்தான் என்று எனக்குச் சற்றுக் கவலையாகக்கூட இருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு இடது மணிக்கட்டில் ஒரு துளி வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை முகர்ந்து, தோன்றியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன்.

முதல் கால் மணி நேரம், ஈர விறகு பற்றிக்கொள்ளத் தயங்கும்போது கிளம்புமே, அந்தக் கண்ணைக் கரிக்கும் புகை. ஒன்பது மணிக்குள் அது பின்வாங்கிவிட்டது. அது விலகிய இடத்தில் பிளம்ஸ் பழம் தலைகாட்டியது. பழத்தின் சதைகூட அல்ல, அதன் தோல்தான். விரல் பட்டால் அழிந்துவிடும் வெண்சாம்பல் பூச்சு படிந்த, கடித்தால் முதலில் புளித்துப் பிறகு இனிக்கும் கருநீலத் தோல். நண்பகலில் மெல்லிய தீயில் வெந்து குழைந்த ஆப்பிளும், அதனுள் எங்கோ ஒரு ரோஜாவும் இருந்தன. மூன்று மணிக்கு, அதாவது ஏழாவது மணி நேரத்தில், மணிக்கட்டை மூக்கோடு ஒட்டி வைத்தால்தான் தெரியும் அளவுக்கு எல்லாம் அடங்கி, உலர்ந்த மரமும் அதன் அடியில் ஓர் இளஞ்சூடான இனிப்பும் மிஞ்சியிருந்தன. அந்த நேரத்தில்தான் நீ இதை ஏன் விரும்பினாய் என்று எனக்குப் புரிந்தது.

ஆப்பிளுக்குள் ரோஜா எப்படி வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை, தேடிப் படித்தேன். ஆப்பிளையும் பிளம்ஸையும் எவ்வளவு பிழிந்தாலும் சாறுதான் வருமே தவிர, வாசனைத் திரவியத்துக்கு உதவும் தைலம் வராதாம். ஆகவே பழத்தின் மணத்தை மூலக்கூறுகளைக் கொண்டு கட்டியெழுப்புகிறார்கள். பீச் பழத்தின் மணம் தரும் காமா அன்டெகாலாக்டோன் 1908ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. 1919இல் ஜாக் கெர்லேன் என்ற பிரெஞ்சு வாசனைக் கலைஞர் அதை ஓக் மரத்துப் பாசியின் இருண்ட மணத்தோடு சேர்த்து 'மிட்சுகோ' என்ற திரவியத்தை உருவாக்கினார். பழத்தை வெறும் இனிப்பாக நிற்க விடாமல் நிழலில் கொண்டுபோய் வைக்கும் வழக்கம் அவ்வளவு பழையது. ரோஜாவுக்கு விடை டமாசெனோன் என்ற மூலக்கூறு. பல்கேரிய ரோஜாத் தைலத்திலிருந்து பிரித்தறியப்பட்டு 1970இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அது, ஆப்பிளிலும் இயல்பாகவே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே உறவுக்காரர் என்பதால்தான் என் மூக்கு அன்று தடுமாறியது.

புகையின் கதை இன்னும் எனக்குப் பிடித்தது. பிர்ச் மரத்தின் பட்டையைக் காற்று அதிகம் புகாத கலத்தில் வைத்துச் சூடாக்கினால், எரிந்து சாம்பலாகாமல் கரிய தாராகக் கசிந்து இறங்குகிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் வெப்பத்தில் உடைவதால் பிறக்கும் குவையகால் போன்ற பொருள்களே அந்தப் புகைமணத்தைத் தருகின்றன. அந்தத் தாரை அப்படியே தோலில் பூசக்கூடாது. அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருப்பதால், அவற்றை நீக்கித் தூய்மைப்படுத்திய பிறகே வாசனைத் திரவியத்தில் சேர்க்க இன்றைய விதிகள் இடம் தருகின்றன. நெருப்பு விட்டுச்சென்றதில் நஞ்சைக் கழித்துவிட்டு மணத்தை மட்டும் வைத்துக்கொள்வது எவ்வளவு பொறுமையான வேலை என்று இதைப் படித்தபோது நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பெர்ஃப்யூம் என்ற சொல்லே 'புகையின் வழியாக' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இந்த மணம் எப்படிப்பட்ட மனிதரைக் காட்டுகிறது? அவர் ஓர் அறைக்குள் வந்ததும் முதல் ஆளாகப் பேசமாட்டார். மற்றவர்கள் பேசி முடித்த பிறகு, தேவையான இரண்டு வார்த்தைகளைச் சொல்வார். அவரிடம் இனிமை இருக்கிறது. அது மற்றவர்களைக் கவர்வதற்காக முன்வாசலில் எடுத்து வைத்த இனிமையாக இராது, கிளையில் முற்றி, வெயிலையும் முதல் குளிரையும் பார்த்துவிட்ட பழத்தின் இனிமையாக இருக்கும். அவர் ஏதோ ஒரு தீயைக் கடந்து வந்திருக்கிறார். அந்தத் தீ அணைந்துவிட்டது. அதைப் பற்றிப் புலம்புவதும் இல்லை, மறைப்பதும் இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தவர்கள் அவரைக் கடுமையானவர் என்பார்கள். ஒரு நாள் முழுவதும் கூட இருந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இதை எழுதும்போது உன்னைத்தான் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். உனக்குப் பதினொரு வயதானபோது, உன் உயிர்த்தோழனின் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனது. அவன் போன அன்று நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வழக்கம்போல் வந்து உட்கார்ந்து பாடம் படித்தாய். "உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?" என்று நான் கேட்டேன். நீ பதில் பேசவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்: அவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் படியில் மறந்து விட்டுச்சென்ற தொட்டிச் செடிக்கு, நீ தினமும் மாலையில் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தாய். அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், கண்ணா. நான் முதல் கால் மணி நேரத்தின் நெடியை வைத்து உன்னை மதிப்பிட்டுவிட்டேன்.

ஆகவே, "என்ன நினைப்பார்கள்" என்ற கேள்விக்கு நான் தரும் பதில் இது: சிலர் உன்னைக் கொஞ்சம் தள்ளி நிற்பவன் என்றே நினைப்பார்கள். அதற்காக இதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் உடனே பிடிக்கும் எலுமிச்சை மணம் எதையாவது பூசிக்கொள்ளாதே. பழ மணம் ஆணுக்குப் பொருந்துமா என்ற உன் இன்னொரு ஐயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை, பொருந்தும். தனக்கென்று ஒருவர் தேர்ந்தெடுத்த மணத்துக்கும் அவருடைய உடலின் இயல்பான மணத்துக்கும் தொடர்பு உண்டு. 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், பிறர் கொடுத்த திரவியத்தைவிட, தாமே விரும்பிப் பயன்படுத்தும் திரவியம் அவரவர் உடல்மணத்தோடு இன்னும் இனிமையாகக் கலந்ததாக முகர்ந்து பார்த்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். உன் மூக்கு உனக்காக ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பூசும் அளவில் மட்டும் கவனமாக இரு. எந்த மணமும் சிறிது நேரத்தில் நம் மூக்குக்குப் பழகிப்போய்விடும். மணம் போய்விட்டது என்று எண்ணி நீ மறுபடியும் தெளிப்பாய், பக்கத்தில் இருப்பவருக்கோ அது இரட்டிப்பாகச் சேரும். சட்டைக்கு உள்ளே, நெஞ்சில் ஒருமுறை தெளித்தால் போதும். குளிர் அதிகமான நாளில் இன்னொரு முறை. குளிர்ந்த காற்றில் மணப்பொருள்கள் மெதுவாக ஆவியாவதால், புகையும் பழமும் நிதானமாக ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். இலைகள் உதிரும் பருவத்துக்கு இது பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கொளுத்தும் வெயிலில் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து தலைவலியாக முடியும். அந்த மாதங்களில் குப்பியை வெளிச்சம் படாத அலமாரியில் வைத்துவிடு.

குப்பியில் இன்னும் நான்கைந்து துளிகள் மீதம் இருக்கின்றன. அவற்றை நான் செலவழிக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் என் சால்வையின் ஓரத்தில் ஒரு துளி சிந்தியது. இன்றுகூட மடிப்பைப் பிரித்தால் அந்த உலர்ந்த மரத்தின் மணம் லேசாக வருகிறது.

அடுத்த முறை வரும்போது அதைப் பூசிக்கொண்டே வா. கதவைத் திறந்ததும் எனக்குப் புகைதான் வரும், பரவாயில்லை. அன்று மாலை வரை எங்கும் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

அன்புடன்,
அம்மா