ஐஸ் கம்பெனிக் கணக்கு

பெரியபட்டினம்
மே 2025

அன்பு மச்சான்,

ஊருக்கு வந்து படகுகளுக்கு ஐஸ் விற்கிற கம்பெனி போடலாமா, அரசாங்கப் பணம் கிடைக்குமா என்று கேட்ட உன் குரல்பதிவு எல்லாவற்றையும் கேட்டேன். நானும் பேசிப் பதில் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு அடுத்த கேள்வியை அனுப்புவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் ஊர்ச் செய்தி. ஏப்ரல் 15-இல் தொடங்கிய தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறது. மண்டபத்தில் விசைப்படகெல்லாம் சும்மா கிடக்கிறது, சிலவற்றைக் கரையேற்றிப் பெயின்ட் அடிக்கிறார்கள். நாட்டுப்படகு வள்ளக்காரர்களுக்குத் தடை கிடையாது என்றாலும் சோளகக் காற்று எழும்பிவிட்டதால் தென்கடலில் தொழில் மந்தம்தான். மீன் கமிஷன் கடையில் எனக்கு இப்போது பழைய பாக்கியைக் கூட்டிப் பார்ப்பதுதான் வேலை. பாம்பனில் புது ரயில் பாலத்தை ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். 2022 டிசம்பரில் நின்ற ரயில் மறுபடியும் ராமேசுவரம் வரை போகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறிக்கொள்கிறது. நீ வந்ததும் கூட்டிப்போ என்று நச்சரிப்பாய், தெரியும்.

சரி, உன் ஐஸ் கம்பெனிக்கு வருவோம். "கவர்மென்ட் முப்பத்தைந்து சதவீதம் சும்மா தருதாமே" என்று உன் ரூமில் இருக்கிற பையன் சொன்னதாகச் சொல்கிறாய். அதில் 'சும்மா' என்பதை மட்டும் எடுத்துவிடு, மீதி சரி.

அவன் சொல்வது பி.எம்.இ.ஜி.பி., புதுத் தொழிலுக்கு வங்கிக் கடனோடு மானியம் தருகிற மத்திய அரசுத் திட்டம், 2008-இலிருந்து இருக்கிறது. நமக்கு ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். வயது 18 ஆகியிருந்தால் போதும், மேல்வரம்பு இல்லை. நம் நரைத்த தலைக்கு இது ஒரு நிம்மதி. சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் எல்லாரும் சிறப்புப் பிரிவு, அவர்களுக்குக் கிராமத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், நகரத்தில் 25. உன் மாமனார் கீழக்கரையில் இடம் தருகிறார் என்று குதிக்காதே. அது நகராட்சி, 25-தான் கிடைக்கும். இங்கே ஊராட்சி எல்லைக்குள் போட்டால் 35. நிலம் வாங்குகிற செலவைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான், அதுவும் புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்குத்தான்.

40 லட்சத்துக்குத் திட்டம் போடுகிறாய் என்று வைத்துக்கொள். 5 சதவீதம், அதாவது 2 லட்சம், உன் கைப்பணம். மீதி 38 லட்சத்தை வங்கி கடனாகத் தரவேண்டும். மானியம் 14 லட்சம் உன் கைக்கு வராது, வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். அதற்கு உனக்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு உன்னிடம் வட்டி வாங்கவும் மாட்டார்கள். மூன்று வருடம் முடிந்து, ஆள் வந்து கம்பெனி ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனபிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் இழுத்து மூடினால் மானியமும் போச்சு.

தொழில் மையம் பரிந்துரைதான் செய்யும். கொடுப்பதும் கொடுக்காததும் வங்கிக்காரர் முடிவு. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. அதற்கு மேலே போனாலும் கடனுக்குப் பொறுப்பேற்க அரசாங்கமும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய உத்தரவாத நிதி இருக்கிறது. இருந்தும் இங்கே பேச்சு "வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கு" என்றுதான் ஆரம்பிக்கிறது. சட்டம் பேசிச் சண்டை போடாதே. அந்த உத்தரவாதத்தின் பெயரைச் சொல்லி, அதில் சேர்க்கும்படி எழுத்தில் கேள். சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

இன்னொரு வழியும் உண்டு. மீன்வளத் துறையில் 2020-இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா. அதில் ஐஸ் கம்பெனிக்கென்றே பணம் இருக்கிறது. 10 டன் கம்பெனிக்கு 40 லட்சம் என்று மதிப்பு வைத்து, பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதம். உன் பெயரில் கேட்டால் 16 லட்சம், எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவி பெயரில் கேட்டால் 24. இப்போதே உன் மனசு எங்கே போகிறது என்று தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இந்தக் கடற்கரையில் பெண்கள் பெயரில் இருக்கிற தொழில்களில் பல பெயருக்குத்தான். கையெழுத்து அவர்களுடையது, செக் புத்தகம் வீட்டுக்காரன் சட்டைப்பையில். கடன் கட்டாவிட்டால் நோட்டீஸ் மட்டும் சரியாக அவர்கள் பெயருக்கு வரும். தங்கச்சிக்குக் கணக்கு உன்னைவிட நன்றாக வரும். அவள் பெயரில் போடுவதானால் அவளே நடத்தட்டும், நீ ஐஸ் ஏற்றி இறக்கு. ஒரே கம்பெனிக்கு இரண்டு திட்டத்திலும் மானியம் வாங்கலாம் என்று எந்தத் தரகனாவது சொன்னால் நம்பாதே. இரண்டுக்குமே இந்த 2025-26 நிதியாண்டு வரைக்கும்தான் ஒப்புதல் இருக்கிறது, அதனால் யோசித்தே வருடத்தை ஓட்டிவிடாதே.

இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

பேரேட்டைப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஐஸ் கம்பெனி நொடிப்பது மெஷின் விலையால் இல்லை, பாக்கியால். படகுக்காரர் விடியற்காலையில் வந்து பார் கணக்கில், அதாவது கட்டிக் கணக்கில், ஐஸ் ஏற்றுவார், நோட்டில் எழுதிக்கொள்வாய். மீன் வந்து, ஏலம் போய், கமிஷன் கடையோ ஏற்றுமதிக் கம்பெனியோ அவருக்குக் கொடுத்தபிறகுதான் உனக்கு வரும். மீன்பாடு நன்றாக இருந்தால் வாரக் கடைசியில் தீரும். பாடு இல்லையென்றால் அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். அப்படியே தடைக்காலம் வந்துவிடும். 61 நாள். விசைப்படகு ஐஸ் எடுக்காது. கம்ப்ரசர் பார்க்கிற ஆளை அனுப்பிவிட்டால் ஜூனில் திரும்பக் கிடைக்கமாட்டான், சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். மின்சாரத்துக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு, 2022 செப்டம்பரில் ஏற்றினார்களே, அதற்காகத்தான் சிறுதொழில்காரர்கள் போராடினார்கள். நம் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றி உனக்கே தெரியும், வாயில் வைக்க முடியாத உப்பு. ஐஸுக்கு நல்ல தண்ணீரை லாரியில் வாங்கவேண்டும், அவன் கடன் வைக்கமாட்டான். இத்தனைக்கும் நடுவில் ஐந்தாம் தேதி வங்கித் தவணை.

திட்டங்கள் எல்லாமே கம்பெனி பிறக்கிற நாளுக்குப் பணம் வைத்திருக்கின்றன. மே மாதத்துக்கு வைத்திருப்பது எதுவும் இல்லை. மீனவக் குடும்பத்துக்காவது தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வருகிறது, ஐஸ்காரனுக்கு அதுவும் கிடையாது. கடலுக்குப் போகாதே என்று சொல்வது அரசாங்கம், கடன் கொடுப்பதும் அரசு வங்கி. இரண்டு பேரும் ஒரே காலண்டரைப் பார்த்துத் தவணை வைத்தால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் முதலாளி இதைப் புரிந்துவைத்திருக்கிறார். தடைக்காலத்தில் பாக்கி கேட்கமாட்டார், மேலும் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார். பிறகு சீசனில் மீன் விலையில் குறைத்து எடுத்துக்கொள்வார். வங்கி வட்டியைவிட அது எவ்வளவோ அதிகம் என்று படகுக்காரருக்குத் தெரியாமலா இருக்கிறது? தெரிந்துதான் ராத்திரி பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

அதனால் நீ இரண்டு காரியம் செய். மெஷினைப் பெரிதாக்கித் திட்ட மதிப்பை நிரப்பாதே, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துக் கேள், அதற்கு இடம் இருக்கிறது. இரண்டாவது, பி.எம்.இ.ஜி.பி. கடனைக் கட்ட 3 முதல் 7 வருடம் உண்டு, தொடக்கத்தில் விலக்குக் காலமும் உண்டு. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை வட்டி மட்டும் கட்டும்படி தவணை போட்டுத் தரச்சொல்லி மனுவிலேயே எழுது. மறுத்தாலும் மறுக்கட்டும், கேட்டது காகிதத்தில் இருக்கட்டும்.

பாக்கி வசூலுக்குச் சட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, 2006-ஆம் வருடச் சட்டம். சிறு தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கவேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024-இலிருந்து வருமான வரியிலும் பிடி வைத்துவிட்டார்கள், குறித்த நாளுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. நல்ல சட்டம். ஏற்றுமதிக் கம்பெனி, பெரிய வியாபாரி இவர்களிடம் இது வேலை செய்யும், அவர்களுக்கு ஆடிட்டர் இருக்கிறார். நோட்டுக் கணக்கில் ஐஸ் வாங்குகிற படகுக்காரர்மேல் புகார் கொடுத்துப் பார், மறுநாள் அடுத்த கம்பெனியில் ஐஸ் ஏற்றுவார். எதற்கும் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை முதல் நாளே போட்டுவிடு, பதிவு இல்லாமல் அந்தச் சட்டத்தின் பக்கம் போக முடியாது. அது இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எல்லாம் போலி. போன மாதத்திலிருந்து 10 கோடி ரூபாய் விற்றுமுதல் வரைக்கும் 'குறு' தொழில் என்று ஆக்கிவிட்டார்கள், முன்பு 5 கோடி. குறு தொழிலுக்கு இவ்வளவு கடன் கொடுத்தாகவேண்டும் என்று வங்கிகளுக்கு இலக்கு உண்டு. இனி நீயும் ஒன்பது கோடிக்காரனும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். வங்கி யாரை முதலில் கூப்பிடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் வள்ளத்து ஆசாரி உன்னை விசாரித்தார். போன மாதம் முதலமைச்சர் தொடங்கிவைத்த கலைஞர் கைவினைத் திட்டத்துக்கு மனு போடப் போகிறார். 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், ஆனால் 50,000-க்கு மேல் இல்லை. "கடன் வாங்கிடலாம்பா, வள்ளம் கட்டச் சொல்லி யார் வரப் போறா, எல்லாரும் ஃபைபருக்குப் போயாச்சு" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உளி, இழைப்புளி எல்லாம் இன்னும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வரும்போது பத்து வருடச் சேமிப்பையும் கம்ப்ரசரில் கொட்டுகிற திட்டத்தோடு வராதே. ஒரு சீசன் பாக்கியைத் தாங்குகிற அளவுக்குத் தனியாக வைத்துவிட்டு மிச்சத்தில் கணக்குப் போடு. அப்புறம், 10 லட்சத்துக்கு மேல் திட்டம் என்றால் எட்டாம் வகுப்புத் தேறிய சான்று கேட்பார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் நீ வாங்கிய மார்க்கை யாரும் கேட்கமாட்டார்கள், பயப்படாதே. உன் மாற்றுச் சான்றிதழ் இருக்கிறதா, இல்லை வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டாயா? தொலைந்திருந்தால் இப்போதே சொல். ஜூனில் பள்ளி திறந்ததும் நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறேன். சேர்க்கை நேரத்தில் போனால் தேடித்தர ஆள் இருக்காது.

உன்,
கூட்டாளி