ஒரு கோடும் ஓர் ஆட்டோ மீட்டரும்

சென்னைப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் மொட்டை மாடியில் ட்யூஷன் எடுப்பவள் நான். சண்டைக்கு வரவில்லை, ஒரு வேண்டுகோள்தான். சமன்பாட்டைக் கொடுத்துக் கோடு போடச் சொல்கிறீர்கள். இரண்டு புள்ளிகளைக் கொடுத்துச் சமன்பாடு கேட்கிறீர்கள். கோட்டையே போட்டுக் கொடுத்து, அதன் சமன்பாட்டைக் கேளுங்களேன்.

போன வாரம் நான் கேட்டுப் பார்த்தேன். 2013இல் அரசு அறிவித்த ஆட்டோ கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (மீட்டர் போடுகிற ஆட்டோ எங்கே என்று கேட்காதீர்கள்.) எக்ஸ் அச்சில் 1 செ.மீ. ஒரு கிலோமீட்டர், ஒய் அச்சில் 1 செ.மீ. பத்து ரூபாய். கட்டண விவரம் சொல்லாமல், அச்சுகளில் கிலோமீட்டர், ரூபாய் என்று மட்டும் குறித்து, மூலையில் அளவுத்திட்டம் எழுதி வரைபடத்தை நீட்டினேன்.

ஒரு பெண் கட்டங்களை எண்ணினாள். வலப்பக்கம் 5, மேலே 6. ஆறை ஐந்தால் வகுத்துச் சாய்வு (கோடு ஏறும் வீதம்) 1.2 என்று எழுதிவிட்டு, "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா இருபது காசா மிஸ்?" என்று தானே சிரித்தாள். மூலையில் எழுதியிருந்த அளவுத்திட்டத்தை யாருமே பார்க்கவில்லை. மேலே 6 செ.மீ. என்றால் 60 ரூபாய்; 60ஐ 5ஆல் வகுத்தால்தானே 12?

ஒரு பையன் ஒரே கிலோமீட்டர் தள்ளி இரண்டு புள்ளிகளை எடுத்தான். கண் ஒரு மில்லிமீட்டர் பிசகியது, அதாவது ஒரு ரூபாய். சாய்வு 13 வந்தது. "மீட்டருக்குச் சூடு வெச்சிட்டியாடா" என்றேன். அதே பிசகு ஐந்து கிலோமீட்டர் தள்ளி எடுத்த புள்ளிகளில் நேர்ந்திருந்தால் 12.2தான் வரும்.

அரை மணி நேரம் ஓடியது வெட்டுத்துண்டில்தான், அதாவது கோடு ஒய் அச்சை எங்கே வெட்டுகிறது என்பதில். படம் ஒய் அச்சில் 25இல் தொடங்குகிறது, அதனால் ஒய் = 12எக்ஸ் + 25 என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். 6.8 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 106.60 வந்தது, படத்திலோ 85. அச்சைத் தொடுவது படுக்கைக் கோடு, சாய்ந்த கோடு அல்ல. சாய்ந்ததை ஸ்கேல் வைத்துப் பின்னால் நீட்டினால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வெட்டுகிறது. 1.8 கிலோமீட்டருக்கு 12 × 1.8 = 21.6, கட்டணமோ 25; 25 − 21.6 = 3.4. ஆக, ஒய் = 12எக்ஸ் + 3.4. அந்த மூன்று ரூபாய் நாற்பது காசை எந்தப் பயணியும் கொடுப்பதில்லை, 1.8க்குப் பிறகுதான் இந்தச் சமன்பாடே செல்லும்.

அரையாண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்காவது இப்படி ஒன்று வையுங்கள். கோடு கட்டங்களின் மூலைகளைச் சரியாகத் தொடுகிறதா என்று அச்சானபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜெராக்ஸில் நகர்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு ட்யூஷன் டீச்சர்