“பதினெட்டு மாதம்தானா?”: நாடக மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உறுப்பினர் சேர்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தா நிலுவை இருக்கிறது. யாரிடம் என்பது அவரவருக்குத் தெரியும். வங்கிப் பணியில் இருந்தபோது வாராக்கடனை விரட்டி வசூலித்தவர்களே இங்கே தவணை கேட்பது வேடிக்கைதான். மாதாந்திர நாடக வாசிப்பு மழைக்காலம் நீங்கலாகத் தடையின்றி நடந்தது.

மற்றபடி இந்த ஆண்டை விழுங்கியது அர்பத்நாட் நாடகம். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, சென்னையின் பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்றான அர்பத்நாட் வங்கி கைவிரித்தது. லண்டனில் ஊக வணிகத்தில் பணத்தைத் தொலைத்த பங்காளி மக்ஃபாடியன் ரயில் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். துரையின் பெயரை நம்பிச் சேமிப்பைப் போட்டிருந்த மக்கள் இங்கே தெருவுக்கு வந்தார்கள். அந்தத் துரை, சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. இனி நம் பணத்தை நம்மவர்களே காக்கட்டும் என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொழிலைத் தொடங்கியது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நமக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைத்திருக்காது.

நாடகத்தைச் சில ஊர்களுக்குக் கொண்டுபோனோம். வட்டித் தொழிலில் ஊறிய காரைக்குடியில், வேறு எங்கும் சிரிப்பு வராத இடத்தில் அரங்கம் சிரித்தது. புதிதாக வந்த வைப்புத்தொகையை எடுத்துப் பழைய வைப்புக்கு வட்டி கட்டச் சொல்லி நம் நாடகத்துத் துரை உத்தரவிடும் காட்சி அது. சென்னையில் பலருக்கு அது புரியவே இல்லை. காரைக்குடியில் துரை வாய் திறப்பதற்குள் புரிந்துவிட்டது. நாடகம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து, “ஐந்தொகையைப் பார்க்காமல் ஆளின் கோட்டு சூட்டைப் பார்த்துப் பணம் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?” என்று கேட்டுவிட்டு, நடிகர்களைப் பாராட்டாமலே இறங்கிப் போனார். எனக்கு அதுவே பெரிய பாராட்டாகப் பட்டது.

கும்பகோணத்தில் ரயில் சத்தம் தாமதமாக வந்ததால் மக்ஃபாடியன் சாவுக்கு இளைஞர்கள் சிரித்தார்கள். ஒலிப்பொறுப்பாளரிடம் பேசியாகிவிட்டது. ஆனால் அதே ஊரில், தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது பின்வரிசையிலிருந்து “பதினெட்டு மாதம்தானா?” என்று ஒரு குரல் எழுந்தது. அதற்கு விழுந்த கைதட்டல் அன்று எந்த நடிகருக்கும் விழவில்லை. குரல் கொடுத்தவர் 1990களில் மூழ்கிய நிதி நிறுவனம் ஒன்றில் மகளின் திருமணப் பணத்தைப் பறிகொடுத்தவர். முதலீட்டாளர் நலனுக்காகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 1997இல் வந்ததையும், தனி நீதிமன்றத்துக்கு அலைந்ததையும் சொன்னார். “உங்கள் துரையாவது உள்ளே போனான் ஐயா” என்று அவர் சொன்னபோது, துரை வேடமிட்ட நம் உறுப்பினர் ஒப்பனையைக் கலைக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கலந்துரையாடல்களில் நாடகத்தைப் பற்றிக் கேட்டவர்களைவிடத் தங்கள் பணத்தைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். வங்கி மூழ்கினால் வைப்புதாரருக்குப் பணம் தரும் வைப்புக் காப்பீடு 1962இல் தொடங்கியது, 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, சீட்டுக்கும் தனியார் நிதி நிறுவனங்களுக்கும் அது கிடையாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பாரதியின் பாடல்களை 1907இல் அச்சிட்டுத் தந்தவரும் இதே கிருஷ்ணசாமி ஐயர்தானே, பாரதி ஏன் மேடைக்கு வரவில்லை என்று ஓர் ஆசிரியர் கோபித்துக்கொண்டார். பாரதியைக் கொண்டுவந்தால் அப்புறம் வங்கியை யார் கவனிப்பார்கள்?

சிக்கல் சென்னையில் வந்தது. வங்கி மூடுவதற்கு முந்தைய வேலைநாளில், உள்ளே நிலைமை சரியில்லை என்று அறிந்த எழுத்தர், ஒரு மூதாட்டியின் பணத்தை எண்ணி வாங்கி ரசீது கொடுக்கிறார். இந்தக் காட்சி நம் நாடகாசிரியரின் கற்பனை. அரங்கம் அசைவற்றுப் போயிருந்தது. பிறகு ஓர் அம்மையார் எழுந்து, வங்கியில் வைப்புநிதி போடப் போன தன்னிடம் கையெழுத்து வாங்கிக் காப்பீட்டுப் பத்திரத்தைத் தலையில் கட்டிய கதையைச் சொன்னார். “அந்தப் பிள்ளையும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே ரசீது கொடுத்தான். அவனுக்கும் தெரிந்துதான் இருக்கும்” என்றார்.

நம் உறுப்பினர்களில் பலர் அன்றிரவே கொதித்தார்கள். பேராசை முதலாளியுடையது, கவுண்ட்டரில் இருப்பவன் என்ன செய்வான், விற்பனை இலக்கு வைப்பது மேலிடம், காட்சியை வெட்ட வேண்டும் என்றார்கள். 1987இல் லண்டனில் பங்குச்சந்தைப் பேராசையைக் கிழித்துக் காட்டிய நாடகம் ஒன்று ஓடியபோது, கிழிபட்ட தரகர்களே டிக்கெட் வாங்கி வந்து ரசித்துச் சிரித்தார்கள். நமக்கு அந்தத் தெம்பு இல்லை. தரகர்கள் சிரித்ததும் நல்லதற்கில்லை என்பது வேறு விஷயம். சிரித்துவிட்டு மறுநாள் அதே வேலைக்குத்தான் போனார்கள்.

என் கருத்தை ஒளிக்கவில்லை. துரையைத் திட்டி நாடகம் போடுவது சுலபம். அவர் போய் நூறாண்டுக்கு மேலாகிறது. பார்வையாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது துரையை அல்ல, அந்த எழுத்தரை. இலக்கை எட்டியதற்குக் கேடயம் வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் இந்தக் கூட்டம் முடியாது.

செயற்குழுவில் வாக்கெடுப்பு சமமாக நின்று, தலைவரின் வாக்கால் காட்சி தப்பியது. எழுத்தராக நடித்தவர் அடுத்த ஆண்டு அந்த வேடம் தமக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். காரணம் குறிப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. வேடத்தை ஏற்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். பணக்கட்டு எண்ணத் தெரிந்திருக்க வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.