விழுப்புரம் சாலையோர மெக்கானிக் அண்ணனுக்கு

திருச்சிக்குப் போகும் வழியில், விழுப்புரம் தாண்டியதும் எங்கள் டீசல் காரின் எஞ்சின் விளக்கு மறுபடியும் எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. எரிபொருள் வெப்பநிலை சென்சாரை இரண்டு முறை மாற்றியும் தீராத கோளாறு இது. பெயர்கூடச் சொல்லாத அந்த அண்ணன் புதுச் சென்சார் கேட்கவில்லை. ஸ்கேனரில் டீசலின் வெப்பம் 48 டிகிரி காட்டியது. எஞ்சினை ஓடவிட்டு, வயரை அங்குலம் அங்குலமாக அசைத்துப் பார்த்தார். கனெக்டருக்கு இரண்டு விரற்கடை தள்ளி வளைத்ததும் சட்டென்று மைனஸ் 40!

“வயர் அறுந்தால் இப்படித்தான் காட்டும். சென்சார் மேல் குற்றமில்லை, தம்பி” என்று சொல்லி உறையைக் கீறினார். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, ஒன்றிரண்டு மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து, உரசாதபடி கட்டினார். 200 ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

அம்மாவை நேரத்துக்கு மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம், அண்ணா. மனமார்ந்த நன்றி.