மாணவர் பக்கத்தில் விடையோடு காரணத்தையும் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தை வன்னிப் பிள்ளைகள் எவ்வளவு நம்பியிருக்கிறார்கள் என்பது மல்லாவியில் கொப்பிக்கடையும் போட்டோக்கொப்பி மெசினும் வைத்திருக்கிற எனக்கு நன்றாகத் தெரியும். மாதிரி வினாத்தாள் வருகிற நாளில் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பக்கத்தைப் படியெடுக்க வந்து நிற்பார்கள். அடுத்த கிழமை விடைகள் வரும். 1-(3), 2-(1), 3-(4) என்று வெறும் இலக்கங்கள். கட்டமைப்பு வினாவென்றால் நாலைந்து வரி. ஏன் மூன்றாவது சரி, ஏன் முதலாவது பிழை என்பதற்கு ஒரு சொல்லும் இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ ரியூசனுக்குப் போய்வர வசதியுள்ள பிள்ளைக்கு அந்த இலக்கமே போதும். காரணம் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. பாண்டியன்குளம், நட்டாங்கண்டல் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அது கேள்வியைப் போனில் படம் பிடித்து இணையத்தில் போடுகிறது. வந்த விடையை என்னிடம் பிரின்ற் எடுத்து ஒப்படையில் ஒட்டுகிறது. நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள், ஆசிரியை அல்ல. ஆனாலும் மெசினிலிருந்து தாள் வெளியே வரும்போது கண் அதில் போகத்தான் செய்யும்.

பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எடுத்த புவியியல் விடையில் மழைக்காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை என்று இருந்தது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அது சரி. “தம்பி, ஜூனிலே இங்கே மழை பெய்யிறதோ?” என்று கேட்டேன். “இல்லை அன்ரி, சோளகம்தானே அடிக்கும்” என்றான். விடை அவனிடமே இருந்திருக்கிறது. ஆனால் வீட்டு முற்றத்தில் அடிக்கிற காற்றைப் பரீட்சைத் தாளில் எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சோளகம்தான் தென்மேற்குப் பருவக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசுகிற அது மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கிடைப்பது அதனால்தான். எங்கள் தட்டை நிலத்தில் காற்றை மேலே தூக்க ஒரு மலையும் இல்லை. ஈரத்தைக் கொட்டாமல் அது கடந்துபோய்விடுகிறது. எங்களுக்கு மழை தருவது ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவில் எழும் தாழமுக்கங்களும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான வடகீழ்ப் பருவக்காற்றும்தான். மழையை நம்பிய காலபோக நெல்லை ஏன் ஒக்ரோபரில் விதைக்கிறோம், பாலியாற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளத்தில் தண்ணீர் நின்றால்தான் வறண்ட காலத்துச் சிறுபோகம் என்று ஏன் சொல்கிறோம் என்பதெல்லாம் இந்த ஒரு விளக்கத்துக்குள் வந்துவிடும். உலர் வலயம் என்றால் ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை என்று மனனம் செய்த பிள்ளை, தான் இருப்பதே அதற்குள்தான் என்று அதன் பிறகுதான் உணரும்.

விஞ்ஞானத்தில் எனக்கு மனவருத்தம் இன்னும் அதிகம். நீரின் வன்மை, அதாவது சவர்க்காரத்தை நுரைக்க விடாத தன்மை பற்றி ஒரு பிள்ளை கேட்டு வந்தாள். தற்காலிக வன்மை கொதிக்க வைத்தால் நீங்கும், நிரந்தர வன்மை நீங்காது. அவ்வளவும் பாடமாக இருந்தது. கடைக்குப் பின்னாலுள்ள கேத்திலின் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னேன். வெள்ளையாகக் கல் படிந்திருக்கிறதே, அதுதான் பாடம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து இலேசான அமிலமாகி நிலத்தினுள் இறங்குகிறது. அங்குள்ள சுண்ணாம்புப் பொருளைக் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைத்து எங்கள் கிணற்றுக்குக் கொண்டுவருகிறது. கொதிக்க வைக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கரையாத கல்சியம் காபனேற்று அடியில் படிகிறது. அந்தப் படிவில் தேசிக்காய் பிழிந்தால் நுரைக்கும். அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால் நிறமாகும். ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் இதை வீட்டிலே செய்து பார்க்கலாம்.

அடுத்து அவள் கேட்டதுதான் முக்கியம். “அப்ப கொதிக்க வைச்சா எல்லாம் போயிடுமோ?” போகாது. வவுனியா உட்பட உலர் வலயத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு கூடுதலாக உள்ளது. உலக சுகாதார ஸ்தாபனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பல் முளைக்கிற வயதில் அதற்கு மேல் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், வன்மையில் ஒரு பகுதி நீங்கும். புளோரைட்டோ அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவும் செய்யும். ‘நீரைச் சுத்திகரிக்கும் வழி: கொதிக்க வைத்தல்’ என்ற ஒற்றை வரி விடை எங்கள் ஊர்களில் அரைகுறை விடை. காசு கொடுத்து வாங்குகிற ஆர்.ஓ. (எதிர்ப் பிரசாரண) தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால் உயர்தரப் பிள்ளையும் விழிக்கிறது. பிரசாரணத்தில் நீர் ஒரு மென்சவ்வினூடாகத் தானாகவே செறிந்த கரைசலை நோக்கிப் போகும். கரைசலின் பக்கத்தில் அமுக்கம் கொடுத்து அதை எதிர்த்திசையில் தள்ளினால் நல்ல நீர் மென்சவ்வைக் கடந்து வர, கரைந்திருந்தவை பின்தங்கிவிடும். படித்த பாடம்தான் கேனில் வீட்டுக்கு வருகிறது.

பொருளியல் நான் படித்த பாடம். அதில் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. ‘பணவீக்கம் குறைந்தது, எனவே விலைகள் குறைந்தன’ என்று எழுதுகிறார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு ஓராண்டில் 169.80 ரூபா கொடுக்க வேண்டி வந்தது. அடுத்த ஆண்டில் அது ஏறத்தாழ 172 ரூபா. ஏறுகிற வேகம் குறைந்ததே தவிர விலை இறங்கவில்லை. இந்தக் கணக்கைச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள், தாயும் தகப்பனும் அந்த ஆண்டுகளில் பட்டதை அவர்கள் கண்டவர்கள்தானே. கேள்வி (வாங்க விரும்பும் அளவு), நிரம்பல் (விற்க வரும் அளவு) வளைகோடுகளும் அப்படித்தான். 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லுக்கு அரசாங்கம் கிலோவுக்கு 120 ரூபா விலை அறிவித்தது. இரண்டும் ஒத்துப்போகிற சமநிலை விலைக்கு மேலே வைக்கிற குறைந்தபட்ச விலை மிகை நிரம்பலை உண்டாக்கும். அந்த மிகையை வாங்கக் களஞ்சியமும் காசும் வேண்டும். அறுவடை நேரத்தில் கொள்வனவு பிந்தினால் ஈரநெல்லை வீட்டில் வைத்திருக்க முடியாதவன் வந்த விலைக்கு விற்பான். இதை வரைபடத்தில் காட்டச் சொல்லி ஒரு கேள்வி மாணவர் பக்கத்தில் வந்தால் எங்கள் பிள்ளைகள் நாட்டில் யாரையும்விட நன்றாக எழுதுவார்கள்.

பிள்ளைகள் போனைப் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில் வேறு என்ன செய்வார்கள்? ஆசிரியர்களையும் குறை சொல்லேன், ஒரே ஆள் இரண்டு மூன்று பாடம் எடுக்கிற பள்ளிக்கூடங்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன. அச்சில் வந்ததைப் பிள்ளைகள் நம்புகிறார்கள் என்பதால்தான் தங்களிடம் கேட்கிறேன். நாற்பது வினாவை இருபதாகக் குறைத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு விடைக்கும் கீழே காரணத்தை இரண்டு வரியில் போடுங்கள். பிழையான தெரிவுகளில் பிள்ளைகள் வழக்கமாக விழுகிற ஒன்றையாவது எடுத்து அது ஏன் பிழை என்று சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு வினாவாவது குளம், கிணறு, வயல், கடல், சந்தை என்று எங்கள் மாவட்டங்களிலிருந்து வரட்டும். அப்படியான வினாக்களை எழுதித்தர இங்குள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். தாங்கள் இணங்கினால் அவர்களிடம் கேட்டு வாங்கி அனுப்புவதை நான் பொறுப்பெடுக்கிறேன். அந்தப் பக்கம் வெளிவருகிற நாளில் அதைப் படியெடுக்க வருகிற எந்தப் பிள்ளையிடமும் என் கடையில் காசு வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
கொப்பிக்கடை நடத்தும் வாசகி,
மல்லாவி.