உபுமேயும் ஒரு பழைய புத்தகக் கடைக்காரரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய அமானுஷ்ய மர்ம நாவல்களைப் பற்றி நெடுநாளாகக் கேள்விப்பட்டிருந்தாலும், அவற்றில் ஒன்றை முழுதாகப் படித்து முடித்தது சென்ற வாரம்தான். நட்சுஹிகோ கியோகொகு 1994-இல் வெளியிட்ட 'உபுமேயின் கோடை' என்ற நாவலை, 2009-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். பேய்க்கதை என்று நாம் சற்று இளக்காரமாக ஒதுக்கிவைக்கும் வகையில் இத்தனை பொறுப்புணர்வுள்ள எழுத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வியப்பைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கடிதம்.

கதை 1952-ஆம் ஆண்டு டோக்கியோவில், மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் நடக்கிறது. அவ்வாண்டு ஏப்ரல் 28 அன்றுதான் அமைதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, போரில் தோற்ற ஜப்பான் அந்நிய ஆக்கிரமிப்பிலிருந்து விடுபட்டது. போருக்குப் போய்த் திரும்பிய எழுத்தாளர் செகிகுச்சி, கதையின் தொடக்கத்தில் நீண்டுகொண்டே போகும் ஒரு சரிவான பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறார். பாதிக்கு மேல் ஏறியதும் அவருக்குத் தலைசுற்றுகிறது. மேலே அவருடைய நண்பரின் பழைய புத்தகக் கடை இருக்கிறது. அங்கே அவர் நண்பர் முன் வைக்கும் கேள்வி இதுதான்: ஒரு பெண் இருபது மாதங்கள் கருவைச் சுமந்துகொண்டிருக்க முடியுமா? மருத்துவமனை நடத்தும் ஒரு குடும்பத்தின் மகள் அப்படிச் சுமந்துகொண்டிருப்பதாகவும், அவளுடைய கணவன் பூட்டிய அறைக்குள்ளிருந்து மறைந்துபோனதாகவும் ஊரில் பேச்சு.

இப்படி ஆரம்பிக்கும் கதை அடுத்த நொடியே ஓட்டமெடுக்கும் என்று நினைத்தேன். ஆனால் நண்பர்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள்: மனம் வேறு, மூளை வேறா? நினைவு என்பது என்ன? கண் பார்ப்பதை மூளை மாற்றிக் காட்ட முடியுமா? துப்பறியும் கதையில் இவ்வளவு நீண்ட உரையாடலுக்கு என்ன வேலை என்று முதல் நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். கடைசிப் பக்கம்வரை வந்த பிறகுதான், அங்கே பேசப்பட்ட ஒவ்வொன்றும் புதிரை அவிழ்க்கத் தேவைப்பட்டது என்பது புரிந்தது. இதைப் படிக்கப்போகிறவர்கள் அந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிச் செல்ல வேண்டாம். முடிவை இங்கே நான் சொல்லப்போவதில்லை.

என்னை மிகவும் ஈர்த்தது உபுமே என்ற உருவம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி அது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'கொஞ்ஜாகு' கதைத் தொகுப்பில், இரவில் ஆற்றைக் கடக்கும் வீரன் ஒருவனிடம் அவள் குழந்தையை நீட்டி, வாங்கிக்கொள் என்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான், பிறகு அவள் திருப்பிக் கேட்டும் கொடுக்காமல் வந்துவிடுகிறான். வந்து பார்த்தால் குழந்தை இல்லை, சில இலைகள்தான் இருக்கின்றன. 1776-இல் வெளிவந்த, ஓவியர் தோரியாமா செகியெனின் பேய்ப் படநூலிலும் அவள் குழந்தையை அணைத்தபடிதான் நிற்கிறாள். பயமுறுத்துவதற்காக வந்து நிற்பவளாக எனக்கு அவள் தோன்றவில்லை. கையில் இருப்பதை யாராவது ஒரு நிமிடம் வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவளாகவே தோன்றினாள். நாவல் முழுவதும் இந்த வேண்டுதல் அடிநாதமாக ஓடுகிறது.

அந்தப் புத்தகக் கடைக்காரர், ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் ஆலயப் பூசாரியும்கூட. பேயோட்டுவதும் அவர் வேலை. ஆனால் உலகில் விளக்க முடியாத விந்தை என்று எதுவுமில்லை என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். இது முரணாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இனோவே என்ரியோ என்ற தத்துவ அறிஞர், பேய் பூத நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அறிவைக் கொண்டு அவற்றைக் களைய முயன்றார். 1910-இல் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் யானகிதா குனியோ, தோனோ என்ற மலைப்பகுதியின் கதைகளைக் கேட்டுத் தொகுத்து நூலாக்கினார். விளக்கித் தீர்ப்பது ஒன்று, அழியாமல் காப்பது மற்றொன்று. இந்தக் கடைக்காரர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார். ஒருவரைப் பற்றியிருப்பதை இறக்குவதற்கு ஜப்பானியர் சொல்லும் சொல்லுக்கு 'விழச் செய்தல்' என்றே பொருள். பற்றியிருப்பது எதுவென்று முதலில் பெயரிட வேண்டும், அந்தப் பெயர் பாதிக்கப்பட்டவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதன் பிறகே அது விழும் என்பது அவர் முறை. ஆகவே பேய் இல்லை என்று நிரூபித்துவிட்டு எழுந்து போகும் துப்பறிவாளர் அல்ல அவர். உண்மை தெரிந்த பின்பும் அந்த வீட்டில் வாழ வேண்டியவர்களை நினைத்துப் பேச அவர் தயங்கும் இடங்கள்தான், எனக்கு நாவலில் மிக உயர்ந்த இடங்கள். விடை கிடைத்ததும் என் பயம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஒரு துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்து போகவில்லை.

குறையும் உண்டு. பிறர் நினைவுகளைக் கண்ணால் காணும் துப்பறிவாளர் ஒருவர் வருகிறார். எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கும் கதையில் அவருடைய ஆற்றலை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்வது எனக்கு உறுத்தியது.

இத்தகைய நாவல்களைத் தங்கள் நூல் அறிமுகப் பக்கத்தில் பேச வேண்டும் என்றும், ஜப்பானிய மொழி கற்ற தமிழர்கள் இவற்றை மூலத்திலிருந்து நேரடியாகக் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உபுமேயை மோகினி என்றோ பிசாசு என்றோ மாற்றிவிடாதீர்கள். உபுமே என்ற ஒரே ஒலியை ஜப்பானியர் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்று பிள்ளை பெறும் பெண்ணைக் குறிக்கும் எழுத்துகள்; மற்றொன்று பிறர் குழந்தையைத் தூக்கிச் செல்லும் சீனத்துப் பறவையின் பெயர். நாவலின் தலைப்பில் இருப்பது அந்தப் பறவை. குழந்தையை நீட்டுபவளும் பறித்துச் செல்பவளும் ஒரே பெயருக்குள் இருக்கிறார்கள் என்பதிலிருந்துதான் கதையே பிறக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் அது எனக்குத் தெரியவே இல்லை. பெயரை அப்படியே வைத்து, முன்னுரையில் இதை நான்கு வரிகளில் சொல்லிவிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்